நந்தினி பெயரில் ஆறு மாதம்

எங்கள் தொழிலில் ஆளைப் பார்ப்பது அபூர்வம். ஆளின் பெயருக்குப் பக்கத்தில் எரிகிற பச்சைப் புள்ளியைத்தான் பார்ப்போம். புள்ளி பச்சையாக இருந்தால் அவர் இருக்கிறார், சாம்பல் நிறமானால் இல்லை. இருப்பு, இன்மை பற்றி அப்பாவின் அலமாரியில் நாலைந்து தடித்த புத்தகங்கள் உண்டு. இவ்வளவு சுருக்கமாக அவற்றில் எதுவும் சொல்லவில்லை.

என் பெயர் மைதிலி. மைசூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அப்ரெண்டிஸ். அதே சமயம் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவி. திங்கள் முதல் வியாழன் வரை ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை, வெள்ளியும் சனியும் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது. வேலையையும் படிப்பையும் ஒரே முதுகில் சுமக்கிற சகபாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரே ஒரு விவரம். ஒரு செமஸ்டரில் கம்பெனியில் அறுநூறு மணி நேரம் வேலை பார்த்திருந்தால்தான் அந்தச் செமஸ்டர் தேறும். அதை எண்ணுவது மனிதர் அல்ல. நாம் லாகினில் இருக்கும் நேரம் தானாகவே பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும். அறுநூறு இல்லையென்றால் செமஸ்டரும் இல்லை, அப்ரெண்டிஸ் இடமும் இல்லை.

தாத்தா ரயில்வே வேலையாக இங்கே வந்தவர். எனக்குப் பேச்சு கன்னடத்தில் வந்தது, தமிழ் அலமாரியிலிருந்து வந்தது. அதனால் என் தமிழ் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

பெயர் சூட்டு விழா

ஜூலை மாதத்து முதல் திங்கள், வேலையில் சேர்ந்தேன். என் லாகின் தயாராகவில்லை. எங்கள் பிரிவில் அப்ரெண்டிஸுக்கு ஒரே ஓர் இடம்தான். அந்த இடத்தின் லாகின் எனக்கு முன்னால் இருந்த நந்தினி என்ற பெண்ணின் பெயரில் இருந்தது. அதை மூடிவிட்டு என் பெயரில் புதிதாகத் திறக்க பெங்களூரில் ஐந்து பேர் ஒப்புதல் தர வேண்டும். அதற்கு ஆறு மாதம் ஆகும். அதுவரை பழைய ஆளின் லாகினையே புது ஆளுக்குக் கொடுத்துவிடுவது பிரிவின் வழக்கம். கம்பெனி விதிகளில் இது குற்றம் என்று பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. விதிப் புத்தகத்தை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்தி மட்டுமே என்று பின்னால் தெரிந்தது. எங்கள் பிரிவின் வேலையே லாகின்களைக் காப்பதும், வேலையை விட்டுப் போனவர்களின் லாகின்களை மூடுவதும்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பிரிவின் தலைவர் பிரகாஷ் சார். மைசூர்த் தமிழர், வாக்கியத்தைத் தமிழில் ஏற்றிக் கன்னடத்தில் இறக்கிவிடுவார். நந்தினி பெயரில் வேலை பார்த்தால் என் மணிகள் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்டேன். ஆறு மாதம் கழித்து, ஜூலையிலிருந்து இந்த லாகினில் உள்ள மணிகள் எல்லாம் மைதிலியுடையவை என்று ஒரு கடிதம் கொடுத்தால் பல்கலைக்கழகம் மாற்றி எழுதிக்கொள்ளும் என்றார். நந்தினி எங்கே என்று கேட்டேன். வருவதில்லை என்றார். பிறகு, அவ்வளவுதான் என்ற தோரணையில், பாஸ்வேர்டு எழுதிய சீட்டை என் பக்கம் தள்ளினார்.

"அதுவரைக்கும் நீ நந்தினி, அஷ்டே."

படம்

லாகினோடு நந்தினியின் அடையாள அட்டையும் எனக்கு வந்து சேர்ந்தது. கதவைத் திறக்க அது வேண்டும். அட்டையில் அவள் படம். வட்ட முகம், நடு வகிடு, இடது புருவத்தில் சின்ன வெட்டு. என் முகம் நீளம், வகிடு பக்கவாட்டில், புருவம் முழுசு. ஒற்றுமை என்று சொல்ல வேண்டுமானால் இருவருக்கும் இரண்டு கண்.

வாசலில் இருக்கிற செக்யூரிட்டி தருமபுரிக்காரர். கடமையில் கறாரானவர் என்று பெயர். முதல் வாரம் ஒருநாள் அட்டையை வாங்கிப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விதிப் புத்தகத்தின் பதினான்காம் பக்கம் என் கண்முன் வந்து நின்றது. அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்கறையோடு குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப ரொம்ப எளச்சிட்டீங்க மேடம், ஒடம்பப் பாத்துக்குங்க."

விளக்கு

எங்கள் மூன்றாவது மாடியில் நூற்றிருபது மேசைகள். பெரும்பாலோர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் தினமும் வருவது நாலைந்து பேர். என் மூலையில் நான் மட்டும். மின்சாரச் சிக்கனத்துக்காக, அசைவு இருந்தால்தான் விளக்கு எரியும்படி வைத்திருக்கிறார்கள். பகல் பதினோரு மணி, கண்ணாடிக்கு வெளியே சாமுண்டி மலை வெயிலில் காய்கிறது. உள்ளே கால் மணி நேரம் ஆடாமல் உட்கார்ந்தால் தலைக்கு மேல் இருட்டிவிடும். கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். ஆள் இல்லாத மாடியில் ஒரு பெண் யாருக்கோ கை காட்டுவதை கேமராவில் பார்ப்பவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரியாது. சில சமயம் நான் ஆட்டாமலே எதிர்வரிசையில் ஒரு விளக்கு எரியும், கொஞ்ச நேரம் கழித்து அணையும். ஏசி காற்றில் நாற்காலியில் தொங்குகிற ஸ்வெட்டர் ஆடினாலே போதும் என்று அந்தக் கருவியின் கையேட்டைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். காரணம் தெரிந்தால் பயம் போகும் என்பார்கள். அவர்கள் எதிர்வரிசையைப் பார்த்தபடி உட்காராதவர்கள்.

வேலை சம்பந்தமாக எல்லாக் கிளைகளிலிருந்தும் எனக்குச் செய்தி வரும்; எல்லாம் நந்தினிக்கு. முதல் வாரம் திருத்தினேன். ஆனால் வேறொருவர் லாகினில் இருக்கிறேன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள முடியாது என்பதால் திருத்துவதை நிறுத்தினேன். ஆகஸ்டில் யாராவது நந்தினி என்றால் நிமிர்ந்து பார்த்தேன். செப்டம்பரில் அம்மா மைதிலி என்று கூப்பிட்டபோது, என்னைத்தான் என்று விளங்க ஒரு நொடி பிடித்தது. அந்த மாதம் கோயம்புத்தூர்க் கிளையில் உள்ள கல்பனா என்பவர் அவசரமாகப் பாஸ்வேர்டு வேண்டுமென்று போனிலேயே அழைத்துவிட்டார். கூடுமானவரை ஒற்றைச் சொற்களில் பதில் சொன்னேன். வேலை முடிந்ததும் அவர் சொன்னார்:

"என்னவோ போ நந்தினி, ஆஸ்பத்திரியில இருந்தப்பகூட நீ இதவிட நல்லாப் பேசினே."

திங்கட்கிழமை

நந்தினி ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்பது எனக்குப் புதுச் செய்தி. அதைவிடப் புதிதான ஒன்று அடுத்த திங்களன்று காத்திருந்தது. வியாழன் மாலை முதல் முறையாக எண்ணிப் பார்த்து, ஒன்பது பேரின் லாகின்களை மூடாமல் மீதம் வைத்துப் போயிருந்தேன். திங்கள் காலை வந்து பார்த்தால் ஒன்பதும் மூடியிருந்தன. நான் மூடுகிற மாதிரி அல்ல. நான் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போகிறவள். இங்கே ஒவ்வொருவரும் கம்பெனிக் கணினியில் மறந்து விட்டுப் போன கல்யாணப் படம், குழந்தையின் மழலைப் பதிவு, பாதி எழுதிய வீட்டுக் கடன் மனு எல்லாம் தனியாகத் திரட்டப்பட்டு அவரவருக்கு அனுப்பப்பட்டிருந்தன. அதன்பிறகே லாகின் மூடப்பட்டிருந்தது. செய்தவர் பெயர் என்ற இடத்தில் நந்தினி என்றிருந்தது. அதாவது நான்.

செய்த நாள் வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் ஒரு மணி வரை. அந்த நேரம் நான் வகுப்பில் இருந்தேன். பாடம்கூட நினைவிருக்கிறது. ஒரு நிரல் ஓடி முடிந்து இறந்த பிறகும், அதைத் தொடங்கிவைத்தது வந்து முடிவை வாங்கிக்கொள்ளும் வரை அதன் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும். அதற்கு எங்கள் பாடநூல் வைத்திருக்கும் பெயர் ஜோம்பி. தேர்வுக்கு வரும் என்று அடிக்கோடு போட்டிருந்தேன்.

பிரகாஷ் சார்தான் முடித்திருப்பார் என்று நினைத்து நன்றி சொல்லப் போனேன். அவர் முந்திக்கொண்டு, இப்படியே தொடர்ந்து செய்யச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமைகூட விடாம முடிச்சிட்டே, பரவாயில்லையே, ஹீகே கண்டின்யூ மாடு."

மாதம்மா சொன்னது

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் இப்படியே நடந்தது. மாடியைத் துடைக்க வருகிற மாதம்மா கொள்ளேகாலுக்குப் பக்கத்து ஊர். மாதம் ஒருமுறை பஸ் பிடித்து ஊருக்குப் போய்வருவார். என் மேசையைத் துடைக்கும்போது மட்டும் அவர் எதையும் இடம் மாற்ற மாட்டார். தண்ணீர் பாட்டில் இருந்த இடத்தில், பேனா இருந்த கோணத்தில். ஏன் என்று கேட்டேன். அந்தப் புள்ளையோட மேசை என்றார்.

நந்தினியும் கொள்ளேகால்தானாம். மே மாதத்தில் இதே நாற்காலியில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தவள் மத்தியானம் எழுந்திருக்கவில்லையாம். மூளைக் காய்ச்சல் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அவளுடைய அப்பா மாதேஸ்வரன் மலைக்குக் கால்நடையாக வருவதாக வேண்டிக்கொண்டு போனவர், திரும்பி வந்து யாரிடமும் பேசவில்லையாம். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். மாதம்மா துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில படுக்க வெச்சுக் கூட்டியாந்தாங்க கண்ணு, அதுக்கப்பறம் அந்த வூட்டுக் கதவு தொறந்து நாங்க பாக்கலீங்க."

இரண்டு கர்சர்

எங்கள் பிரிவில் அடுத்த வாரத்து வேலைகளைக் குறித்துவைக்க ஒரு பொதுக் கோப்பு உண்டு. அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு தொடங்கக் காத்திருந்த நேரத்தில் அதைப் போனில் திறந்தேன். நந்தினி பெயரில்தான், என்னிடம் வேறு பெயர் ஏது. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. சரி, நான் இருக்கிறேன். அதற்குக் கீழே இன்னொரு முறை நந்தினி என்றிருந்தது. அதற்கும் பச்சைப் புள்ளி. கோப்பின் நடுவில், நான் தொடாத ஒரு கர்சர், மூடிய லாகின்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு மெதுவாக இறங்கியது. வெளியே வெயில். சுற்றிலும் அறுபது பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கர்சருக்குக் கீழே ஆங்கில எழுத்தில் 'யாரு?' என்று எழுதினேன். கன்னடமாகவும் எடுத்துக்கொள்ளலாம், தமிழாகவும். கர்சர் நின்றது. அது துடிப்பதை எண்ணிக்கொண்டிருந்தேன்; நாற்பத்தொன்று வரை எண்ணினேன். பிறகு என் சொல்லுக்குக் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"இது என் பேருங்க. நீங்க யாரு?"

கொள்ளேகாலிலிருந்து

கீழே ஒரு போன் நம்பர் வந்தது. நான் குறித்துக்கொண்டதும் அழிந்தது. வகுப்பை விட்டு வெளியே வந்து மரத்தடியில் நின்று அழைத்தேன். எடுத்தது பெண் குரல்தான். நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துப் பேசியது. பின்னால் தறிச் சத்தம். நந்தினி உயிரோடு இருந்தாள். இதில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை வெளிப்படுத்துவது அவமரியாதை என்பதால் நலம் விசாரித்தேன்.

கால் இன்னும் சரியாக ஊன்ற வரவில்லை என்றாள். காய்ச்சல் வந்தபோது அந்தச் செமஸ்டரில் நானூற்று முப்பத்திரண்டு மணி நேரம் முடித்திருந்தாள். நோய் காரணமாக மீதியை முடிக்க டிசம்பர் கடைசி வரை பல்கலைக்கழகம் தவணை கொடுத்திருந்தது. கம்பெனி அவளை வேலையை விட்டு அனுப்பியதாக எந்தக் கடிதமும் தரவில்லை. கொடுத்த லேப்டாப்பையும் திருப்பிக் கேட்கவில்லை. அவளை முறையாக அனுப்பினால் அந்த லாகின் மூடிவிடும், எனக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. அதனால் காகிதத்தில் அவள் போகவே இல்லை. ஆகஸ்டில் உட்கார முடிந்ததும், படுக்கையில் தலையணையை அண்டக் கொடுத்து, லேப்டாப்பைத் திறந்து, நிலுவையில் கிடந்ததை எடுத்துச் செய்யத் தொடங்கியிருக்கிறாள். திங்கள் முதல் வியாழன் வரை எல்லா வேலையும் ஏற்கனவே முடிந்திருந்ததால் வெள்ளியும் சனியும்தான் கிடைத்தன.

அந்த நான்கு நாளும் யார் செய்கிறார்கள் என்று யோசிக்கவில்லையா என்று கேட்டேன். காய்ச்சலுக்குப் பிறகு நினைவு விட்டு விட்டு வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தாராம்.

"என் பேருல இருந்துதுங்களே, அதனால நாந்தான் செஞ்சுபோட்டு மறந்துட்டேன்னு நெனச்சு, அம்மாகிட்டக்கூடச் சொல்லாம இருந்தேனுங்க."

ஒரு கையெழுத்து

அதன்பின் திங்கள் முதல் வியாழன் வரை நான், வெள்ளியும் சனியும் அவள் என்று தெரிந்தே வேலை பார்த்தோம். டிசம்பர் கடைசி வாரம் என் லாகின் வந்தது. மைதிலி என்று திரையில் பார்த்தபோது யாரோ தெரிந்தவர் பெயர் போல இருந்தது. பிரகாஷ் சார் வாக்களித்தபடி கடிதத்தையும் அடித்து வைத்திருந்தார். ஜூலை முதல் இந்த லாகினில் உள்ள மணிகள் முழுவதும் மைதிலியுடையவை. கீழே நான் கையெழுத்திட வேண்டும். மொத்தம் எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு மணி நேரம். அதில் வெள்ளி, சனி என்னுடையவை அல்ல என்றேன். கதையைச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நான் வாயைத் திறந்தால் ஒரே லாகினை இருவர் பயன்படுத்தியது வெளியே வரும், இரண்டு பேருக்கும் பூஜ்யம், அவருக்கும் மெமோ என்றார். அவருக்கு இரண்டு குழந்தைகள். எனக்கு ஒரு செமஸ்டர். கையெழுத்துப் போட்டேன்.

என் சொந்த லாகினில் எனக்கு வந்த முதல் வேலை, நந்தினியின் லாகினை மூடுவது. அன்று மட்டும் பொத்தானை உடனே அழுத்த முடியவில்லை. அவள் மற்றவர்களுக்குச் செய்ததைப் போல அவளுடைய கோப்புகளைத் தேடித் திரட்டினேன். படம் எதுவும் இல்லை. ஒரே ஒரு பட்டியல் இருந்தது, ஆகஸ்டிலிருந்து நாள்வாரியாக. வெள்ளிக்கு எதிரே நான்கு, சனிக்கு எதிரே ஐந்து என்று அவள் மூடிய லாகின்களின் எண்ணிக்கை. திங்கள், செவ்வாய், புதன், வியாழனுக்கு எதிரே என் எண்ணிக்கை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி. அக்டோபர் வரை அப்படி. அதன்பிறகு கேள்விக்குறி இருந்த இடத்தில் 'மைதிலி' என்றிருந்தது. பட்டியலை அவளுக்கு அனுப்பிவிட்டு லாகினை மூடினேன். பத்து நாளில் பல்கலைக்கழகப் பக்கத்தில் அவளுடைய கணக்கு மறுபடி நானூற்று முப்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டது. அவளிடமிருந்து செய்தி வந்தது. நான் பதில் போடவில்லை.

"திங்கள்லிருந்து வியாழன் உங்களுது, சரிங்க. வெள்ளியும் சனியும் எங்க போச்சுங்க?"

வெள்ளிக்கிழமை நீ யார்?

ஜனவரியில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. பிரகாஷ் சார் ஸ்ரீரங்கப்பட்டணத்து நெரிசலில் மாட்டிக்கொண்டதாகச் செய்தி அனுப்பிவிட்டு வராமல் இருந்துவிட்டார். உள்ளே மூன்று பேர். தலைமை சுமா மேடம். ஜோம்பியைப் பற்றிப் பாடம் எடுத்தவர் அவர்தான். திட்ட அறிக்கையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மேசையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அவருடைய வகுப்பு வருகைப் பதிவு. மற்றொன்று கம்பெனியிலிருந்து என் பெயருக்கு மாறிவந்த மணிகள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வகுப்பில் கேள்வி கேட்டேன், நீ எழுந்து பதில் சொன்னாய், சரியான பதில், குறித்துவைத்திருக்கிறேன் என்றார். அதே பத்தரைக்கு நீ இங்கே நான்கு பேர் லாகினை மூடியிருக்கிறாய். ஒரு வெள்ளி இல்லை, இருபது வெள்ளி.

பக்கத்தில் இருந்தவர் இரக்கப்பட்டு எனக்கு ஒரு வழி காட்டினார். வகுப்பில் உட்கார்ந்தபடி போனில் செய்தாயோ என்றார். ஆமாம் என்று தலையாட்டினால் சில வகுப்புகளின் வருகை மட்டும் போகும். அறுநூறுக்கு மேல் என்னிடம் தாராளமாக இருந்தது. பதில் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் இரண்டு தாள்களிலும் என் பெயர் ஒரே மணிக்கு எதிரே அச்சாகியிருப்பதைப் பார்த்தபோது, இதில் ஒன்று செத்தவளுடையதைப் போல எனக்குத் தோன்றியது. அது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுமா மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். கன்னடத்தில்தான், சொல்லுக்குச் சொல் தருகிறேன்.

"திங்கட்கிழமை நீ மைதிலி, அது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கம்பெனியில் இருந்த நீ யார்?"

மீதி

எல்லாவற்றையும் சொன்னேன். நந்தினியை அங்கேயே போனில் கூப்பிட்டார்கள். குரலை எல்லோரும் கேட்கும்படி மேசையில் வைத்தார்கள். ஒவ்வொரு மணிக்கும் எந்தக் கணினி என்று பதிவு இருக்கும் என்பது எங்கள் பிரிவில் இருந்ததால் எனக்குத் தெரியும். கம்பெனியிடமிருந்து அதைக் கேட்டு வாங்கினார்கள். வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. என் மேசைக் கணினியில் அறுநூற்று இருபத்து மூன்று. வேறொருவர் லாகினில் இருந்ததற்காக அதில் பத்தில் ஒரு பங்கை வெட்டினார்கள். அறுநூறுக்கு எனக்கு நாற்பது மணி நேரம் குறைந்தது. ஜனவரி விடுமுறையில் ஈடுகட்டலாம் என்று விதியில் இடம் இருந்தது. நந்தினியின் லேப்டாப்பில் நூற்று அறுபத்தாறு. அவள் தன் லாகினில் தன் இடத்தில் இருந்தவள், கம்பெனி அவளை அனுப்பவே இல்லை, ஆகவே வெட்டு இல்லை என்று சுமா மேடம் எழுதினார். பழைய நானூற்று முப்பத்திரண்டோடு கூட்டினால் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இரண்டு குறைந்தது. அவளுடைய தவணை டிசம்பரோடு முடிந்திருந்தது; அவளுக்கு எந்த விடுமுறையும் மிச்சமில்லை. போனில் தறி ஓடுவது கேட்டது.

அப்போதுதான் கூட்டிப் பார்த்தேன். என்னுடையதும் அவளுடையதும் சேர்ந்தால் எழுநூற்று எண்பத்தொன்பது. லாகினில் இருந்தது எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. தாளை மறுபடி மேலிருந்து பார்த்தோம். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து முதல் ஒன்று வரை, மூன்று மணி நேரம். இரண்டு லாகின்கள் மூடப்பட்டிருந்தன, படங்கள் திரட்டி அனுப்பப்பட்டு, ஒழுங்காக. எந்தக் கணினி என்ற இடம் காலி. அப்படிக் காலியாக இருக்க வழியில்லை என்பதை நான் தொழில்ரீதியாகச் சொல்ல முடியும். நான் அன்று மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மேடம் நந்தினியைக் கேட்டார். என்னுடையதுதான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுடைய பட்டம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. பட்டியலைப் பார்க்கிறேன் என்றாள். தாள் புரளும் சத்தம். அன்றைக்கு எதுவும் எழுதவில்லை என்றாள். அன்று முழுக்க ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குப் படுத்திருந்ததாக அம்மா பக்கத்திலிருந்து சொல்வதையும் மறைக்காமல் சொன்னாள். தான் செய்ததாகத் தனக்கு நினைவில்லை, செய்யவில்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றாள்.

சுமா மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காலியாக இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த மூன்றை நந்தினியின் கணக்கில் எழுதி, அறுநூற்று ஒன்று என்று கூட்டிக் கையெழுத்திட்டார். தாள்களை அடுக்கி எழுந்தவர், கதவருகே போய் என் பக்கம் திரும்பினார்.

"பெயருக்குச் சொந்தக்காரிக்கே போட்டுவிட்டேன், அந்த ஞாயிற்றுக்கிழமைக்காரர் வந்து கேட்டால் என் அறைக்கு அனுப்பு, நீ தனியாகப் பேசாதே."

ஆக, ஒரே பெயரில் மூன்று பேர் வேலை பார்த்ததில் இருவர் தேறிவிட்டோம், மூன்றாமவரின் தேர்வு முடிவு இன்னும் வெளியாகவில்லை.